ஒரு வாளித் தண்ணீரில் ஒரு வீட்டுக் கண்ணாடி: வாசகர் கேள்வி – பதில்

கோடை வந்தால் அபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டில் முதலில் ஒட்டப்படும் தாள், 'பைப் வைத்துக் கழுவக் கூடாது' என்பதுதான். அதில் நேராக அடிபடுபவர்கள் கண்ணாடி துடைக்கும் தொழிலாளர்களும் சிறு ஒப்பந்ததாரர்களும். அவர்கள் அனுப்பிய கேள்விகளோடு, வீட்டு ஜன்னலைத் தாங்களே துடைப்பவர்களின் கேள்விகளையும் இந்த இதழில் எடுத்துக்கொண்டோம்.

ஒப்பந்ததாரர், பெருங்குடி: நாங்கள் நான்கு பேர் சேர்ந்து அபார்ட்மென்ட்களில் ஜன்னல் துடைக்கும் வேலை எடுக்கிறோம். இந்தக் கோடையில் ஒரு நாளைக்கு இரண்டு வாளிக்கு மேல் தண்ணீர் தர முடியாது என்று அசோசியேஷனில் சொல்லிவிட்டார்கள். ஒரு வீட்டுக்கு 12 ஜன்னல். இரண்டு வீடாவது முடிக்க வழி உண்டா?

இரண்டு வாளி என்றால் 30 லிட்டர். அதில் நான்கு வீடு முடிக்கலாம்.

அரை அங்குல ஹோஸ் பைப் நிமிடத்துக்கு 12 முதல் 15 லிட்டர் கொட்டும். ஒரு நிமிடத்திலேயே உங்களுக்குக் கொடுக்கிற இரண்டு வாளியில் ஒன்று போய்விடும். அதில் பெரும்பகுதி சுவரில் வழிந்து சன்ஷேடில்தான் தேங்குகிறது. நான்கடிக்கு மூன்றடிக் கண்ணாடியின் ஒரு பக்கத்தை நனைக்க 50 முதல் 80 மில்லி போதும். 35 சென்டிமீட்டர் டி-பாரில் (T வடிவக் கைப்பிடி) மாட்டும் மைக்ரோஃபைபர் உறை கால் லிட்டர் வரை பிடிக்கும். ஒரு முறை நனைத்தால் மூன்று, நான்கு கண்ணாடி போகலாம். 12 ஸ்லைடிங் ஜன்னலில் 24 கண்ணாடி. உள்ளும் வெளியும் சேர்த்து 48 பக்கம். நனைக்க மூன்றரை லிட்டர், உறையை அலச இன்னொரு மூன்று லிட்டர். ஏழு லிட்டருக்குள் வீடு முடிந்துவிடும்.

ஆனால் இந்தக் கணக்கு நிற்க வேண்டுமானால் தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். மூன்று அங்குல பெயின்ட் பிரஷால் ஃபிரேமையும், ஸ்லைடிங் ஓடும் பள்ளத்தையும் உலர்வாகவே தட்டி எடுங்கள். கையடக்க வாக்குவம் இருந்தால் இன்னும் நல்லது. பள்ளத்தில் தண்ணீர் ஊற்றினால் தூசி சேறாகிவிடும். அந்தச் சேற்றை எடுக்க இன்னொரு வாளி போய்விடும். பக்கத்தில் கட்டட வேலை நடக்கிற இடமானால் கண்ணாடியின் மேல் சிமென்ட் தூசி இருக்கும். அதை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைக்காதீர்கள், கண்ணாடி கீறிவிடும். மென்மையான பிரஷால் லேசாகத் தட்டிவிட்டு நனைக்கலாம்.

ஒரு வாளியில் 5 லிட்டர் தண்ணீர், அதில் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் அரை டீஸ்பூன். அதற்கு மேல் ஒரு சொட்டுகூட வேண்டாம். அதிகமாகப் போட்டால் நுரையை எடுக்கவே தண்ணீர் செலவாகும். பார் சோப்பு கூடவே கூடாது. உப்புத் தண்ணீரில் அது திரிந்து வெள்ளைப் படலமாகப் படியும். இன்னொரு வாளியில் 3 லிட்டர் வெறும் தண்ணீர். அழுக்கான உறையை முதலில் இந்த மூன்று லிட்டரில் அலசிப் பிழிந்துவிட்டு, அதன் பிறகே சோப்புத் தண்ணீரில் முக்க வேண்டும். சோப்பு வாளி கடைசி ஜன்னல் வரை தெளிவாக இருப்பது இந்த ஒரு பழக்கத்தால்தான்.

வேலை வரிசையும் முக்கியம். எல்லா ஜன்னலின் உள்பக்கத்தையும் முதலில் முடியுங்கள். அடுத்து பால்கனி, பின்பக்கம். ரோட்டைப் பார்த்த வெளிப்பக்கம் கடைசி. எல்லோரும் ஜன்னல் ஜன்னலாக உள்ளும் வெளியும் துடைத்துக்கொண்டு போவதால்தான் மூன்றாவது ஜன்னலிலேயே தண்ணீரை மாற்ற வேண்டி வருகிறது.

வைப்பர் இழுக்கும் முன் கண்ணாடியின் மேல் விளிம்பில் இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு உலர்ந்த துணியால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அங்கிருந்து வைப்பரை வைத்து இழுத்தால் மேலிருந்து சொட்டு இறங்காது. ஒவ்வொரு இழுப்பும் முந்தைய இழுப்பின் மேல் மூன்று சென்டிமீட்டர் ஏறி வர வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் ரப்பரைத் துணியால் துடையுங்கள். வாளியில் முக்கி எடுக்க வேண்டாம்.

மிஞ்சும் அழுக்குத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். அடுத்த வீட்டின் ஃபிரேமுக்கும், கடைசியில் பால்கனித் தரைக்கும் அது ஆகும்.

ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர், ஓ.எம்.ஆர்.: தண்ணீரைக் குறைத்ததிலிருந்து கண்ணாடியில் கோடு கோடாக நிற்கிறது என்று கிளையன்ட் புகார். தண்ணீர் குறைந்ததுதான் காரணமா?

பெரும்பாலும் இல்லை. நிறையத் தண்ணீர் ஓடும்போது மறைந்திருந்த கருவிக் கோளாறு இப்போது வெளியே தெரிகிறது. கோட்டின் வடிவத்தைப் பார்த்தாலே காரணம் தெரியும்.

ஒவ்வொரு இழுப்பிலும் ஒரே இடத்தில் மெல்லிய கோடு வந்தால் ரப்பரில் அந்த இடத்தில் வெட்டு விழுந்திருக்கிறது. நகத்தை ஓட்டிப் பாருங்கள், தடுக்கும். ரப்பரைக் கழற்றித் திருப்பி மாட்டினால் மறு முனை கிடைக்கும். எல்லா முனையும் போனால் புதிது போடுங்கள். ரப்பர் அதைப் பிடிக்கும் உலோகச் சேனலை விட இரண்டு பக்கமும் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே போயிருந்தால் ஓரத்தில் தண்ணீர் நின்றுவிடும்.

ஏணிப்படி போலக் குறுக்குக் கோடுகள் வந்தால் கண்ணாடி சரியாக நனையவில்லை, ரப்பர் குதித்துக் குதித்து வருகிறது. இங்கே மட்டும் தண்ணீர்க் குறைவு காரணமாக இருக்கலாம். உறையைப் பிழிந்தது அதிகம். சொட்டாத அளவுக்கு ஈரம் வேண்டும். கையை வைத்தால் உள்ளங்கை நனைய வேண்டும்.

நேராகப் பார்த்தால் சுத்தம், சாய்த்துப் பார்த்தால் மங்கல் என்றால் சோப்பு அதிகம். வைப்பர் இழுப்பதற்குள் காய்ந்து திட்டுத் திட்டாக நின்றால் கண்ணாடி சூடாக இருக்கிறது. கிழக்குப் பக்கத்தை மதியத்துக்கு மேல், மேற்குப் பக்கத்தைக் காலையில் என்று மாற்றுங்கள். வெயில் ஏறிய கண்ணாடியில் இரண்டு முறை நனைக்க வேண்டியிருப்பதால் தண்ணீர்ச் செலவும் இரட்டிப்பாகும்.

இல்லத்தரசி, வேளச்சேரி: எங்கள் போர் தண்ணீர் டி.டி.எஸ். 1,400. எப்படித் துடைத்தாலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. நல்ல தண்ணீர் லாரியில் வருவதை ஜன்னலுக்குச் செலவழிக்க மனம் வரவில்லை.

செலவழிக்கவே வேண்டாம் அம்மா. உங்கள் வீட்டு ஏசியே தினமும் நல்ல தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

டி.டி.எஸ். 1,400 என்றால் லிட்டருக்கு 1.4 கிராம் உப்பு. கண்ணாடியில் 50 மில்லி தண்ணீர் காய்ந்தால் 70 மில்லிகிராம் உப்பு அங்கேயே நிற்கும். நீங்கள் பார்க்கிற வெள்ளை அதுதான். ஏசியில் சொட்டுவது காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்த காயிலில் பட்டு இறங்கும் தண்ணீர். அதில் தாது உப்பு மிகக் குறைவு. மீட்டர் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் 50-க்குக் கீழேதான் காட்டும். 30 என்று வைத்துக்கொண்டால், அதே 50 மில்லி காய்ந்தாலும் நிற்பது ஒன்றரை மில்லிகிராம். கண்ணுக்கே தெரியாது.

சென்னைப் புழுக்கத்தில் ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி மணிக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை கொடுக்கும். இரவு எட்டு மணி நேரம் ஓடினால் மறுநாள் முழு வீட்டுக்கும் போதும். பெங்களூரு, ஓசூர் போன்ற இடங்களில் கோடைக் காற்று உலர்ந்தது. அங்கே இவ்வளவு எதிர்பார்க்க முடியாது.

டிரெயின் பைப்பை வாய் குறுகிய 20 லிட்டர் கேனுக்குள் விடுங்கள். அகல வாளி வைத்தால் தூசி விழும், கொசு முட்டையிடும். பைப்பின் நுனி கேனில் சேரும் தண்ணீரில் மூழ்கக் கூடாது. மூழ்கினால் தண்ணீர் எதிர்த்து நின்று வீட்டுக்குள் சொட்டும். எடுக்கும்போது வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். சர்வீஸ் செய்த பிறகு இரண்டு நாள் வரும் தண்ணீரை விட்டுவிடுங்கள், காயில் கழுவும் ரசாயனம் அதில் இருக்கும். இரண்டு நாளுக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள். குளோரின் இல்லாத தண்ணீர் என்பதால் சீக்கிரம் வழுவழுப்பு ஏறும். குடிக்கவோ சமைக்கவோ கூடாது. காயிலில் படியும் தூசியும் கிருமியும் அதில் உண்டு.

டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்தான், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏசி தண்ணீர் 100-க்கு மேல் காட்டினால் கேனில் வேறு தண்ணீர் கலந்திருக்கிறது, அல்லது காயில் மிகவும் அழுக்கு.

அலுவலகக் கட்டடங்களில் வேலை செய்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் இருக்கும் ஏ.ஹெச்.யு. (குளிர்காற்றை அனுப்பும் இயந்திரம்) அறையின் டிரெயினில் ஓடுவதும் இதே தண்ணீர்தான். மெயின்டனன்ஸ் ஆட்களிடம் கேட்டு அங்கே ஒரு டிரம் வைக்க அனுமதி வாங்கினால், வெளியிலிருந்து ஒரு சொட்டு கொண்டுவர வேண்டாம்.

ரோப் ஆக்ஸஸ் தொழிலாளி, கிண்டி: பழைய உப்புக் கறைக்கு ஆசிட் போட்டால் தண்ணீர் மிச்சமாகும் என்கிறார்கள். போடலாமா அண்ணா?

கயிற்றில் தொங்கிக்கொண்டு ஆசிட் தொடவே தொடாதீர்கள் தம்பி. உங்கள் உயிரைப் பிடித்திருப்பது நைலான் கயிறும் நைலான் பெல்ட்டும். நைலானுக்கு ஆசிட் ஆகாது. வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே இழை இற்றுப்போயிருக்கும். ஆசிட் பட்ட கயிறு என்ற சந்தேகம் வந்தாலே அது தள்ள வேண்டிய கயிறு. கழுவி மறுபடி கட்டக் கூடாது.

டாய்லெட் ஆசிட் அலுமினிய ஃபிரேமை அரிக்கும், அதன் ஆவி மூச்சைப் பிடிக்கும். லேபிள் இல்லாத பாட்டிலில் 'ஸ்டெயின் ரிமூவர்' என்று விற்பவற்றில் சிலவற்றில் ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் இருக்கும். அது கண்ணாடியையே அரிக்கிற ஆசிட். தோலில் பட்டால் முதலில் வலிக்காது. உள்ளே இறங்கி எலும்பு வரை பாதிக்கும். என்ன ரசாயனம் என்று எழுதாத பாட்டிலை மேனேஜர் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கை எட்டும் தரைத் தளக் கண்ணாடிக்கும் பால்கனிக் கண்ணாடிக்கும் வழி இருக்கிறது. மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) 50 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, துணியில் நனைத்துக் கறையின் மேல் ஒட்டுங்கள். காயாமல் இருக்க அதன் மேல் பிளாஸ்டிக் தாள். பத்து நிமிடம் கழித்து, கீறாத வெள்ளை ஸ்க்ரப் பேடால் தேய்த்து, ஈரத்துணியால் இரண்டு முறை துடையுங்கள். ஒரு ஜன்னலுக்கு அரை லிட்டருக்குள் முடியும். கீழே மார்பிள் படிக்கட்டு இருந்தால் மூடி வையுங்கள், எலுமிச்சை உப்பு மார்பிளின் பளபளப்பைத் தின்றுவிடும். கைக்கு ரப்பர் கிளவுஸ் போடுங்கள். அதே வாளியில் பிளீச்சிங் பவுடர் கலக்கக் கூடாது, விஷவாயு கிளம்பும்.

இரண்டு முறை செய்தும் போகவில்லை என்றால் உப்பு கண்ணாடிக்குள்ளேயே அரித்துவிட்டது. அதற்கு சீரியம் ஆக்சைடு பாலிஷ்தான். அது தனி வேலை, தனிக் கூலி.

கயிற்று வேலைக்கு இன்னொன்று: மேலே கொண்டுபோகும் வாளி மூன்று லிட்டருக்கு மேல் வேண்டாம். வாளி, வைப்பர், டி-பார் மூன்றுக்கும் தனித்தனிக் கயிறு. தண்ணீரைக் குறைப்பது உங்கள் பாதுகாப்புக்கும் நல்லது, விளிம்பு ஈரமானால் கால் வழுக்கும்.

தொழில்முனைவோர், கோயம்புத்தூர்: தண்ணீர் ஓடும் பிரஷ் வைத்த நீளக் கம்பு வாங்கியிருக்கிறேன். போர் தண்ணீரை ஆர்.ஓ. செய்து ஓட்டுகிறேன். கழிவுத் தண்ணீர் ஆறாக ஓடுகிறது. தண்ணீர்ப் பஞ்ச காலத்தில் இந்த முறை சரிதானா?

கம்பு சரி. அதற்குக் கொடுக்கும் தண்ணீரைத்தான் மாற்ற வேண்டும்.

இந்த முறையில் வைப்பரே கிடையாது, தண்ணீர் கண்ணாடியிலேயே காய வேண்டும். அதனால் டி.டி.எஸ். 10-க்குக் கீழே இருந்தே ஆக வேண்டும். சின்ன ஆர்.ஓ. இயந்திரங்களில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு, மூன்று லிட்டர் கழிவு போகும். கம்பு நிமிடத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் எடுக்கும். ஒரு மணி நேரம் ஓடினால் 100 லிட்டர். அதற்குப் பின்னால் 200 முதல் 300 லிட்டர் கழிவு. இதை எந்த அசோசியேஷனும் கோடையில் பொறுத்துக்கொள்ளாது.

உப்பைப் பிடித்துக்கொள்ளும் சிறு மணிகளான ரெசினை மட்டும் வைத்து உப்பை எடுத்தால் கழிவு கிடையாது. ஆனால் ரெசினுக்கு ஒரு கொள்ளளவு உண்டு. ஒரு லிட்டர் மிக்ஸட் பெட் ரெசின், டி.டி.எஸ். 500 உள்ள தண்ணீரைச் சுமார் 50 லிட்டர்தான் சுத்தம் செய்யும். டி.டி.எஸ். 1,000 என்றால் அதில் பாதி. 10 லிட்டர் சிலிண்டர் வைத்திருந்தாலும் போர் தண்ணீரில் 250 லிட்டருக்குள் தீர்ந்துவிடும். கட்டுப்படியாகாது.

அதே சிலிண்டருக்கு டி.டி.எஸ். 30 உள்ள தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள். சில ஆயிரம் லிட்டர் போகும். ஏசி தண்ணீர், மழைத் தண்ணீர் இரண்டும் இந்த வகை. உங்கள் ஊருக்கு இன்னொரு கொடுப்பினையும் உண்டு: சிறுவாணித் தண்ணீர் இயல்பிலேயே உப்புக் குறைந்தது. ஆனால் குடிக்கவே முறை வைத்துத் தரும் கோடையில் அதைக் கண்ணாடிக்கு எடுப்பது சரியில்லை. உங்கள் வாடிக்கையாளர் அலுவலகங்களின் ஏசி டிரெயினைச் சேகரித்து, 5 மைக்ரான் ஃபில்டர் வழியாக விட்டு, பிறகு ரெசினுக்கு அனுப்புங்கள். ஃபில்டர் இல்லாவிட்டால் காயில் அழுக்கு ரெசினை அடைத்துவிடும்.

ஆர்.ஓ.தான் ஓட்ட வேண்டும் என்றால், கழிவைப் பிடிக்கத் தொட்டி வைத்த பிறகு ஓட்டுங்கள். அது டாய்லெட் ஃபிளஷுக்கும் தரை மெழுகவும் ஆகும். கண்ணாடிக்கு ஆகாது, செடிக்கும் ஆகாது. உப்பு செறிந்த தண்ணீர்.

கம்பிலும் செலவைக் குறைக்கலாம். பிடிக்கும் இடத்தில் ஒரு பால் வால்வு பொருத்துங்கள், கண்ணாடி மாறும்போது மூடலாம். பெரும்பாலானவர்கள் கம்பை நகர்த்தும்போதும் தண்ணீரை ஓடவிடுகிறார்கள். மாதக்கணக்காகத் துடைக்காத கண்ணாடியை முதல் தடவை கம்பால் எடுக்க முயலாதீர்கள். முதல் முறை கையால், வைப்பரால். பராமரிப்புக்கு மட்டும் கம்பு.

வாசகி, ஒயிட்ஃபீல்டு, பெங்களூரு: இங்கே குடிநீரை வீணாக்கினால் அபராதம் என்கிறார்கள். ஜன்னல் துடைக்க ஆள் வைத்தால் சிக்கல் வருமா?

பெங்களூரு குடிநீர் வாரியம் 2024 மார்ச்சில் வாகனம் கழுவ, தோட்டத்துக்கு ஊற்ற, கட்டட வேலைக்கு, நீரூற்றுக்குக் குடிநீரைப் பயன்படுத்தத் தடை விதித்தது. அபராதம் 5,000 ரூபாய். மீண்டும் மீறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் கூடுதல். 2025 பிப்ரவரியிலும் இதே உத்தரவு வந்தது.

வாளி, வைப்பர் முறையில் துடைத்தால் நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. வெளிச்சுவரையும் கண்ணாடியையும் பைப் வைத்து அடித்தால் கீழே நிற்பவர் கண்ணுக்குக் குடிநீர் வீணாவதுதான் தெரியும். வேறு தண்ணீர் என்றால், எந்தத் தண்ணீர் என்று அசோசியேஷனிடம் எழுதி வாங்கி, வேலை நடக்கும் இடத்தில் ஒரு அட்டையும் தொங்கவிடுங்கள்.

உங்கள் அபார்ட்மென்ட் எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) தண்ணீரைக் கண்ணாடிக்குப் பயன்படுத்தலாமா என்ற கேள்வியும் இதோடு வரும். வெளிப்பக்க ஃபிரேமுக்கும் படிக்கும் வாளியில் எடுத்துத் துணியால் துடைக்கலாம், கிளவுஸோடு. ஸ்பிரேயாகவோ பிரஷர் வாஷரிலோ அடிக்கக் கூடாது. சுத்திகரிப்பு ஒரு நாள் சரியில்லாமல் போனாலும் அந்தத் திவலை தொழிலாளியின் மூச்சில்தான் போகும். கண்ணாடிக்குக் கடைசித் துடைப்பு எஸ்.டி.பி. தண்ணீரில் வேண்டாம், உப்பு நிற்கும்.

தொழிலாளி, கோடம்பாக்கம்: ஜன்னலுக்குத் தண்ணீர் குறைத்துவிட்டோம். துணி அலசவே ஐந்து வாளி போகிறது. என்ன செய்ய?

தண்ணீர் ஒளிந்துகொண்டு செலவாகும் இடத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். வேலை நேரத்தில் துணியை அலசவே கூடாது. ஒரு துணியை நான்காக மடித்தால் முன்னும் பின்னும் சேர்த்து எட்டுச் சுத்தமான பக்கம் கிடைக்கும். ஒரு பக்கம் அழுக்கானதும் அடுத்த பக்கம். ஆளுக்கு ஆறு துணி இருந்தால் ஒரு நாள் ஓடும்.

மாலையில் மூன்று வாளி வையுங்கள். முதல் வாளியில் சோப்புப் போட்டு ஊறவைத்துக் கசக்கிப் பிழியுங்கள். இரண்டாவதில் அலசிப் பிழியுங்கள். மூன்றாவதில் கடைசி அலசல். மறுநாள் முதல் வாளியை மட்டும் கொட்டுங்கள். இரண்டாவது வாளித் தண்ணீர் முதலாவதாகும், மூன்றாவது இரண்டாவதாகும், புதுத் தண்ணீர் ஒரு வாளி மட்டும். ஐந்து வாளி ஒன்றாகக் குறைந்துவிடும். ஒவ்வொரு வாளிக்கும் இடையில் நன்றாகப் பிழிவதில்தான் எல்லாம் இருக்கிறது. பிழியாமல் மாற்றினால் அழுக்கும் கூடவே போகும். மூன்று நாளுக்கு ஒரு முறை மூன்றையும் மாற்றிவிடுங்கள், நாற்றம் வரும்.

துணி வாசனைக்குப் போடும் கண்டிஷனர் மைக்ரோஃபைபருக்கு ஆகாது. இழையில் படலமாகப் படிந்து ஈரத்தை உறிஞ்ச விடாது, பிறகு ஒரு கண்ணாடிக்கு இரண்டு துணி தேவைப்படும்.

வாசகர், மயிலாப்பூர்: பழைய நியூஸ்பேப்பரால் துடைப்பது நல்லதா?

கடைசி மெருகுக்குப் பரவாயில்லை. வெள்ளை யு.பி.வி.சி. ஃபிரேமில் மை ஒட்டும், கலர்ப் பக்கத்தைத் தவிருங்கள். உள்பக்கக் கண்ணாடிக்கு இதைவிட நல்லது: அரை லிட்டர் ஸ்பிரே பாட்டிலில் 400 மில்லி ஏசி தண்ணீர், 100 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஒரு சொட்டு பாத்திர லிக்விட். கண்ணாடிக்கு மூன்று, நான்கு அடி போதும். தீப்பற்றும் பொருள், கேஸ் அடுப்போ பூஜை விளக்கோ எரியும்போது அடிக்காதீர்கள். கடலோர வீட்டின் வெளிப்பக்கத்துக்கு இது போதாது. அங்கே படிவது கடல் உப்பு. முதலில் ஈரத்துணியால் கரைத்து எடுத்துவிட்டுத்தான் மெருகு. கொசு வலையைக் கழற்றி பாத்ரூமில் கழுவ வேண்டாம், இரு பக்கமும் பிரஷ் போட்டு ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

வாசகர், ஈஸ்ட் ஹாம், லண்டன்: இங்கே வேன் வைத்து வீடுகளுக்கு ஜன்னல் துடைக்கிறேன். ஹோஸ்பைப் தடை வந்தால் வேலையை நிறுத்த வேண்டுமா?

இங்கிலாந்துச் சட்டப்படி தற்காலிகத் தடையில் வரும் பயன்பாடுகளில், குடியிருப்பு வீட்டின் சுவரையும் ஜன்னலையும் ஹோஸ்பைப் கொண்டு கழுவுவதும் ஒன்று. வேன் டேங்கிலிருந்து எடுத்தால் தடைக்குள் வராது என்று பலர் நினைக்கிறார்கள். குழாய்த் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து அங்கிருந்து ஹோஸ் வழியாக எடுத்தாலும் சட்டத்தின் பார்வையில் அது ஹோஸ்பைப் பயன்பாடுதான். ஆனால் தொழிலாகச் செய்பவர்களுக்குப் பல தண்ணீர் நிறுவனங்கள் விலக்குத் தருகின்றன. நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும். நீங்கள் வேலை செய்யும் வீடு எந்த நிறுவனத்தின் எல்லையில் வருகிறது என்று பார்த்து, அதன் இணையதளத்தில் உள்ள விலக்குப் பட்டியலை அச்செடுத்து வேனில் வையுங்கள். வறட்சி முற்றி அடுத்த கட்ட உத்தரவு வந்தால் கடை, அலுவலக ஜன்னல்களும் கட்டுப்பாட்டுக்குள் வரலாம். ஹோஸ் இல்லாமல் குழாயில் நேராகப் பிடித்த வாளியும் வைப்பரும் ஹோஸ்பைப் தடைக்குள் வராது. வேனில் எப்போதும் ஒரு செட் இருக்கட்டும்.

ஒப்பந்ததாரர், சோழிங்கநல்லூர்: தண்ணீர் குறைவாகத்தானே செலவாகிறது, ரேட்டைக் குறை என்கிறார் கிளையன்ட். ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்?

குறைக்காதீர்கள். குறைந்த தண்ணீரில் துடைப்பதற்கு ஆள் நேரம் கூடுதல், உலர் வேலை கூடுதல், துணி கூடுதல். ரேட்டைக் கண்ணாடியின் எண்ணிக்கைக்கோ சதுர அடிக்கோ போடுங்கள், நாள் கூலியாகப் போடாதீர்கள்.

டிசம்பரில் ஏரி நிரம்பியிருக்கும்போது எழுதும் ஒப்பந்தம் ஜூனைப் பற்றி யோசிப்பதில்லை. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்தது. ஓ.எம்.ஆரில் பல ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னன. கண்ணாடி துடைப்பது அப்போது யாருடைய பட்டியலிலும் இல்லை. ஆட்களுக்குச் சம்பளம் மட்டும் கொடுக்க வேண்டியிருக்கும்.

அதனால் இந்த நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். தண்ணீர் யார் தருவது, ஒரு தளத்துக்கு எத்தனை லிட்டர். அந்தத் தண்ணீரின் டி.டி.எஸ். 300-க்கு மேல் போனால் புள்ளி விழுவதற்கு நீங்கள் பொறுப்பல்ல. கட்டுப்பாடு வந்தால் வெளிப்பக்க முழுத் துடைப்பு மாதம் ஒரு முறையிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறையாக மாறும். நுழைவாயிலும் வரவேற்பறையும் வாரம் ஒரு முறை தொடரும். வேலை குறையும் மாதங்களில் அதே ஆட்கள் உள்பக்கக் கண்ணாடி, பார்ட்டிஷன், பிளைண்ட்ஸ் ஆகியவற்றை உலர் முறையில் சுத்தம் செய்வார்கள், தொகை மாறாது. கடைசி வரிக்குத்தான் பேரம் அதிகம் நடக்கும். அதை விட்டுக்கொடுத்தால் உங்கள் ஆட்கள் கோடையில் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள்.

வாசகர், தாம்பரம்: மழைத் தண்ணீரைக் கண்ணாடிக்கென்று சேர்த்து வைக்கலாமா?

தாராளமாக. தமிழ்நாட்டில் 2003-லிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் மொட்டை மாடியிலிருந்து இறங்கும் பைப் உங்கள் வீட்டிலும் இருக்கும். அதில் ஒரு டி (மூன்று வாய்க் குழாய் இணைப்பு) வைத்து வால்வு பொருத்தி, மூடியுள்ள 200 லிட்டர் நீல டிரம்முக்கு இணைப்புக் கொடுங்கள். வழிந்தால் பழையபடி மழைநீர்க் குழிக்கே போகட்டும்.

அக்டோபரில் பருவமழை தொடங்கும் முன் மாடியைக் கூட்டிவிடுங்கள். ஒவ்வொரு மழையிலும் முதல் 15 நிமிடத் தண்ணீரை டிரம்முக்குள் விடாதீர்கள், மாடித் தூசியும் பறவை எச்சமும் அதில் வரும். சுண்ணாம்பு அடித்த மாடியானால் சுண்ணாம்பு கரைந்து டி.டி.எஸ். ஏறும், மீட்டரில் பார்த்துவிட்டுச் சேர்த்து வையுங்கள். குழாயை டிரம்மின் அடியில் வைக்காமல் ஒரு சாண் மேலே வையுங்கள், வண்டல் கீழேயே தங்கும். வீட்டுக்கு ஏழு லிட்டர் என்ற கணக்கில் ஒரு டிரம் சுமார் 20 தடவை வரும். வெயில் படாத இடத்தில் வையுங்கள், பாசி பிடிக்காது. மூடிக்கும் டிரம்முக்கும் நடுவே மெல்லிய நைலான் வலை போட்டு இறுக்கிக் கட்டுங்கள். டெங்கு கொசு முட்டையிடுவது இப்படிப்பட்ட தெளிந்த தண்ணீரில்தான். வாரம் ஒரு முறை மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். புழு நெளிந்தால் அந்தத் தண்ணீரை வலைத்துணியில் வடிகட்டி அன்றைக்கே ஜன்னல் வேலைக்கு எடுத்துவிட்டு, டிரம்மின் உட்புறத்தைத் தேய்த்துக் காயவையுங்கள்.